தொலி தெரியாமல் போன விரல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 46. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் திருவட்டாறுக்கும் இடையில் ஒரு கிராமம். 22 வருடமாக அண்டி ஆபீசில் வேலை. முந்திரி ஆலையை எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். இரண்டு பிள்ளைகள், மூத்த மகள் நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எழுத அவர் சம்மதம் தந்திருக்கிறார். ஆள் தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு என்ன ஆனது என்று சொல்வதற்கு முன்னால் அவருடைய வேலையைச் சொல்ல வேண்டும். நோய் முதலில் தெரிந்தது அங்கேதான்.

ஓட்டை உடைத்து எடுத்த பருப்பைச் சூட்டறையில் வைத்து உலர்த்துவார்கள். அப்போது பருப்பின் மேலிருக்கும் செந்தவிட்டு நிறத் தொலி லேசாக விலகி நிற்கும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் உருட்டித் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். மடிப்பில் ஒட்டியிருப்பதைச் சின்னக் கத்தியால் நீக்க வேண்டும். பருப்பு உடையக் கூடாது. முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. கை பழகியவர்கள் பருப்பைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே உரிப்பார்கள். எங்கே தொலி மிச்சம் இருக்கிறது, எங்கே பருப்பு தொடங்குகிறது என்பதை விரல்நுனி சொல்லிவிடும்.

பிப்ரவரியில் அக்காவின் தட்டில் உடைப்பருப்பு கூட ஆரம்பித்தது. மேற்பார்வையாளர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கண் மங்கியிருக்கும் என்று நினைத்து அக்கா கண்ணாடி மாற்றினார். அதன் பிறகு ஒவ்வொரு பருப்பையும் கண் முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் பார்த்து உரித்தார். உடைவது குறைந்தது. ஆனால் ஒரு நாளில் உரிக்கும் எடை பாதியாகிவிட்டது, கூலியும் பாதியாகிவிட்டது.

ஏப்ரலில் என்னிடம் முதல் தடவையாக வந்தார். வலது கை விரல்கள் மரத்திருக்கின்றன என்றார். என்ன மாதிரி மரப்பு என்று கேட்டேன். "கண்ணு வச்சுப் பாத்தாத்தான் எனக்க விரலு எங்க இருக்குன்னு தெரியுது சாரே" என்றார்.

இந்த வரி அன்றைய கேஸ் சீட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே "வலது கை மரப்பு" என்று சுருக்கி எழுதி, சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் சோதனைகளைப் பார்த்து வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று வெளிநோயாளிகள் நிறைய இருந்தார்கள். ஆனால் நோய் என்ன என்பது அந்த ஒரு வரியிலேயே இருந்தது. அதைக் காதில் வாங்கிய முதல் மருத்துவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த ஆறு மாதம்

சர்க்கரை பரவாயில்லை. மூன்று மாதச் சராசரி 5.8. தைராய்டும் சரியாக இருந்தது. நரம்புச் சத்துக் குறைவு என்று நான் வைட்டமின் மாத்திரை எழுதினேன். ஒரு மாதத்தில் மரப்பு இடது பாதத்துக்கும் வந்தது. பிறகு இடது கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் வந்தது. அக்கா வேறொரு இடத்துக்குப் போனார். அங்கேயும் நரம்பு ஊசி, நரம்பு மாத்திரை. ஏற்கெனவே நான் கொடுத்ததையும் அவர் நிறுத்தவில்லை.

ஜூனில் கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தின் ஐந்தாம் ஆறாம் எலும்புகளுக்கு இடையிலிருக்கும் தட்டு லேசாகப் பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. 46 வயதில், குனிந்தே உட்கார்ந்து வேலை செய்யும் யாரைப் படம் எடுத்தாலும் இப்படி ஏதாவது ஒன்று தெரியும். ஆனால் காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி எல்லோருக்கும் வந்துவிட்டது. கழுத்துப் பட்டை போட்டார்கள், வலி மாத்திரை கொடுத்தார்கள்.

வீட்டில் வேறு பயம் ஓடிக்கொண்டிருந்தது. கை மரத்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முதலில் நினைப்பது தொழுநோயைத்தான். அக்காவின் மாமியார் அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தார். வேலை செய்யும் இடத்தில் வேறு பேச்சு: ஓட்டு எண்ணெய் கையில் ஏறி நரம்பைக் கெடுத்துவிட்டது என்று. அந்த எண்ணெய் தோலைப் பொசுக்கும், விரலைக் கறுப்பாக்கும், உண்மைதான். ஆனால் அது ஓடு உடைக்கிறவர்களுக்கு வரும் துன்பம். அக்கா தொலி உரிக்கிறவர். அவர் விரல்கள் சுத்தமாக இருந்தன.

ஆகஸ்டில் இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகு இடது கன்னம் மரத்தே இருந்தது. மரக்க வைக்கப் போட்ட ஊசிதான் காரணம், போகப் போகச் சரியாகும் என்றார்கள். இரண்டு மாதமாகியும் சரியாகவில்லை.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் கல்லில் நின்று குளித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினார். மூடின உடனே முன்பக்கமாக அப்படியே சாய்ந்து விழுந்தார். மயக்கம் இல்லை, வழுக்கவும் இல்லை. "கண்ணை மூடினதும் காலுக்கடியில தரை இல்லாத மாதிரி ஆயிட்டு" என்றார். நெற்றியில் நாலு தையல். மகள் விடுமுறையில் வந்திருந்தாள். அவள்தான் எல்லாக் காகிதங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அம்மாவை மறுபடியும் என்னிடம் கூட்டி வந்தாள்.

இரண்டாவது தடவை பார்த்தது

அன்று நேரம் ஒதுக்கி உட்கார்ந்தேன். கைகால்களில் பலம் முழுசாக இருந்தது. என் கையை அவர் பிடித்த பிடியை விடுவிக்க முடியவில்லை. ஆனால் முழங்கை, முழங்கால், குதிகால் எங்கே தட்டினாலும் தசைநாண் துடிப்பு இல்லை. குண்டூசி குத்துவது ஓரளவு தெரிந்தது. இசைக்கவையை அதிரவிட்டுக் கணுக்காலில் வைத்தேன், அதிர்வு தெரியவில்லை. முழங்காலிலும் தெரியவில்லை. கால் பெருவிரலைப் பிடித்து மேலே தூக்கினேனா கீழே இறக்கினேனா என்று கேட்டால், பத்துக்கு ஐந்து சரியாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு ஊகமாகச் சொன்னாலும் அவ்வளவு வரும்.

பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தானாக அசையத் தொடங்கின. ஆர்மோனியக் கட்டைமேல் விரல்கள் போவதுபோல ஒவ்வொன்றும் மெல்ல எழுந்து தாழ்ந்தது. கண்ணைத் திறந்தார், நின்றுவிட்டது. தன் விரல்கள் அசைந்தன என்பதே அவருக்குத் தெரியாது. மகள் செல்போனில் எடுத்துக் காட்டியபோது வாயில் கை வைத்துக்கொண்டார்.

எழுந்து நின்று கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடச் சொன்னேன். ஒரு விநாடிகூட நிற்கவில்லை. நானும் மகளும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தோம்.

தொழுநோய்க்கு வருகிறேன். 2005இல் இந்தியா அளவில் தொழுநோய் 10,000 பேருக்கு 1 என்ற கணக்குக்குக் கீழே இறங்கியது. ஆனாலும் நோயாளிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் தேடத்தான் வேண்டும். தேடினேன். வெளிறிய படை எதுவும் இல்லை. முழங்கை நரம்பும் கழுத்து நரம்பும் தடித்திருக்கவில்லை. தொழுநோயில் முதலில் போவது சூடு, குளிர், வலி. தசைநாண் துடிப்பு பெரும்பாலும் தங்கிவிடும். இவருக்கு எல்லாம் தலைகீழாக இருந்தது. வலி தெரிகிறது, உடம்பின் இருப்பிடம் தெரியவில்லை, துடிப்பு எங்கேயுமே இல்லை. "இது அந்த நோய் இல்ல அக்கா, தட்டைத் தனியா வைக்க வேண்டாம்னு நானே மாமியார்கிட்ட சொல்றேன்" என்றேன். அவர் முகம் மாறியதை மகளும் பார்த்தாள்.

சர்க்கரை நோய் நரம்பு என்றால் மரப்பு இரண்டு பாதங்களிலும் ஒன்றாகத் தொடங்கி, காலுறை போட்டதுபோல ஏறும். மிக நீளமான நரம்பின் நுனிதான் முதலில் கெடும். இங்கேயோ வலது கை, அப்புறம் இடது பாதம், இடது சுண்டு விரல், கடைசியில் கன்னம். ஒழுங்கே இல்லை. கன்னம் வரை வந்த பிறகு கழுத்துத் தட்டைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. கழுத்தின் அந்த இடத்தில் பிதுங்கிய தட்டு கன்னத்தை மரக்கச் செய்யாது.

பலம் குறையாமல், துடிப்பு எல்லாம் போய், இருப்பிட உணர்வு போய், உடம்பில் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெறித்து நிற்கும் மரப்பு. இப்படி வந்தால் பார்க்க வேண்டிய இடம் நரம்பின் நுனியும் தண்டும் அல்ல, வேர். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் உணர்வு நரம்புகளின் தாய் அணுக்கள் சின்னச் சின்ன முடிச்சுகளாக உட்கார்ந்திருக்கின்றன. முகத்துக்கான முடிச்சு மண்டையோட்டின் அடியில் இருக்கிறது. மூளைக்கும் நரம்புக்கும் ரத்தத்திலிருந்து காப்பாக ஒரு தடுப்பு உண்டு. இந்த முடிச்சுகளுக்கு அந்தத் தடுப்பு இல்லை. ரத்தத்தில் வரும் எதுவும், நல்லதோ கெட்டதோ, நேராக உள்ளே போய்விடும்.

முடிச்சைத் தாக்குபவை அதிகமில்லை. நுரையீரல் புற்று மறைவில் இருந்தால் தாக்கும். சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் தாக்கும். பி6 வைட்டமின் அளவு மீறினால் தாக்கும். இது நம் ஊருக்கு முக்கியமான விஷயம். பையில் இருந்த மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பினேன். மூன்று வெவ்வேறு பெயர்கள், மூன்றிலும் பி6. அதோடு வாரம் ஒரு ஊசி. மரப்பு தொடங்கியது மாத்திரைக்கு முன்னால் என்பதால் காரணம் அதுவாக இருக்க முடியாது, ஆனால் எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல ஆகியிருக்கலாம். எல்லாவற்றையும் அன்றே நிறுத்தினேன். மரத்த கைக்கெல்லாம் கேட்காமலேயே நரம்பு மாத்திரை கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி நாம் உட்கார்ந்து பேச வேண்டும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது தன்னெதிர்ப்பு நோய்கள், உடம்பின் எதிர்ப்பணுக்கள் சொந்த உடம்பையே தாக்குபவை. அதில் முதலில் நினைக்க வேண்டியது ஷோகிரென் நோய். கண்ணீரும் உமிழ்நீரும் சுரக்கும் சுரப்பிகளைத்தான் அது முக்கியமாகத் தாக்கும்.

வாய், கண், பல்

"வாய் வறளுமா அக்கா?" என்று கேட்டேன். அது நோய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மகள்தான் சொன்னாள், அம்மா எங்கே போனாலும் பாட்டிலோடுதான் போவாள் என்று. பிறகு அக்காவே பேசினார். தண்ணீரை எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்போம். மூன்று வருடமாக மரச்சீனிக் கிழங்கு, வெள்ளம் குடித்தால்தான் தொண்டையில் இறங்குகிறது. ராத்திரி இரண்டு தடவை எழுந்து வெள்ளம் குடிக்கிறார். மீன்கறியின் காரம் நாக்கில் தீயாக எரிகிறது என்று, துண்டை எடுத்து வெள்ளத்தில் அலசிவிட்டுத்தான் தின்கிறார். மீன்கறியை அலசித் தின்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கணவர் சிரிப்பாராம். அதை அவர் என் முன்னால் சொல்லும்போது கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பல் எத்தனை போயிருக்கிறது என்று கேட்டேன். மூன்று வருடத்தில் ஆறு. எல்லாம் ஈறை ஒட்டிய இடத்தில் கறுத்து ஒடிந்தவை. உமிழ்நீர் வற்றிய வாயில் பல் அப்படித்தான் போகும்.

கண்ணைக் கேட்டேன். மணல் விழுந்த மாதிரி உறுத்தும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். ஆலைத் தூசி என்று நினைத்திருக்கிறார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். போன வருடம் அவருடைய அம்மா இறந்தபோது அவருக்குக் கண்ணீர் வரவில்லை. பெற்ற தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று சொந்தக்காரர்கள் பேசியிருக்கிறார்கள். "அழுகை வந்துது சாரே. கண்ணீருதான் வரல்ல."

மூட்டு வலியும் இருந்தது. சிக்குன்குனியா வந்து போனதில் மிஞ்சியது என்று ஐந்து வருடமாக அதற்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு தடவை முடக்குவாதக் காரணி ரத்தத்தில் கூடியிருந்ததாம், பிறகு யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. ஷோகிரென் நோயாளிகளில் பாதிப் பேருக்கு அந்தக் காரணி கூடியிருக்கும்.

பையில் கடைசியாகக் கிடைத்த காகிதம் நான் ஏப்ரலில் பார்க்கச் சொன்ன கல்லீரல் சோதனை. மொத்தப் புரதம் 9.1, ஆல்புமின் 3.7. கழித்தால் குளோபுலின் 5.4. சாதாரணமாக 3.5க்கு மேல் போகாது. உடம்பின் எதிர்ப்பணுக்கள் ஓயாமல் எதிர்ப்புப் புரதத்தை உற்பத்தி செய்துகொண்டிருக்கின்றன என்று அந்த எண் சொல்கிறது. ஆறு மாதமாக அது அந்தப் பையில் கிடந்தது. அன்று நான் பார்த்தது பிலிரூபினும் நொதிகளும் மட்டும்தான்.

உறுதி செய்தது

கண்ணுக்குச் சோதனைத் தாள் வைத்தார்கள். கீழ் இமையில் மாட்டி ஐந்து நிமிடம் விட்டால் குறைந்தது 5 மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டும். வலது கண்ணில் 2, இடது கண்ணில் 3. தூண்டாமல் ஊறும் உமிழ்நீரை 15 நிமிடம் ஒரு குப்பியில் துப்பச் சொன்னோம். நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர் என்ற கோட்டைக்கூட எட்டவில்லை. இந்த நோயில் ரத்தத்தில் தேடுவது ஆர்ஓ, எல்ஏ என்ற இரண்டு எதிர்ப்பொருள்கள். ஆர்ஓ வலுவாக இருந்தது, எல்ஏவும் இருந்தது. கீழ் உதட்டின் உள்பக்கம் மரக்க வைத்து, அரிசி மணியைவிடச் சின்னதாக நாலைந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளை எடுத்துத் திசுச் சோதனைக்கு அனுப்பினோம். 4 சதுர மில்லிமீட்டரில், 50க்குக் குறையாத நிண அணுக்கள் கூடிய கும்பல் ஒன்று இருந்தாலே போதும். இவருக்கு மூன்று இருந்தது. 2016இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த மதிப்பெண் முறையில் 4 வந்தால் ஷோகிரென். அக்காவுக்கு 8.

நரம்பு மின்சோதனைக்குத் திருவனந்தபுரம் அனுப்பினேன். இரண்டு கால்களிலும் வலது கையிலும் உணர்வு நரம்பு அலை ஒன்றுமே பதிவாகவில்லை. இயக்க நரம்புகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அங்கே இருந்த நரம்பியல் மருத்துவர் ஜூனில் எடுத்த கழுத்துப் படத்தையே மறுபடியும் விளக்கில் வைத்துப் பார்த்தார். தண்டுவடத்தின் பின்பக்கம், இருப்பிட உணர்வு மூளைக்கு ஏறிப்போகும் பாதையில், வெள்ளையாக ஒரு கோடு மேலிருந்து கீழ் வரை. முடிச்சிலுள்ள தாய் அணு செத்தால் தண்டுவடத்துக்குள் போகும் அதன் கிளையும் சேர்ந்து சாகும். அதன் தடம்தான் அது. படத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது. தட்டுப் பிதுக்கத்தைப் பார்த்த கண்கள் அதைத் தாண்டிப் போய்விட்டன. பி12 குறைவிலும் இதே கோடு வரும். ஊசி போட்டுக்கொண்டிருந்தவருக்கு ரத்தத்தில் பி12 அளவு பார்த்துப் பயனில்லை, அது உயர்ந்துதான் காட்டும். ஆனால் மாதக்கணக்கில் பி12 ஊசி போட்டும் நோய் ஏறிக்கொண்டே போனது, அத்தோடு கன்னமும் மரத்தது. அதனால் அதை விட்டுவிட்டோம். மறைந்த புற்றுக்காக மார்பு ஸ்கேன் எடுத்தோம், அதற்குரிய எதிர்ப்பொருளையும் தேடினோம். இரண்டும் சுத்தம்.

நரம்பு முந்திக்கொள்ளும் நோய்

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த ஹென்ரிக் ஷோகிரென் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர். 1933இல் எழுதிய ஆய்வேட்டில் 19 பெண்களை விவரித்தார். அவர்களில் 13 பேருக்கு மூட்டு அழற்சி இருந்தது. கண், வாய், மூட்டு என்ற அந்த மூன்றும்தான் இன்றைக்கும் நம் மனதில் படிந்திருக்கும் படம். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நாற்பது ஐம்பதுகளில். அந்த வயதுப் பெண் வாய் வறள்கிறது, மூட்டு வலிக்கிறது, அலுப்பாக இருக்கிறது என்றால் வீட்டிலும் மருத்துவமனையிலும் என்ன பதில் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வயசாகிறது, மாதவிலக்கு நிற்கப்போகிறது, மனக்கவலை.

ஆனால் கண்ணும் வாயும் கவனத்துக்கு வருவதற்கு முன்னால் நரம்பு பேசத் தொடங்கிவிடுவது அபூர்வம் இல்லை. 2005இல் ஜப்பானிலிருந்து, ஷோகிரென் நோயில் நரம்பு பாதிக்கப்பட்ட 92 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று வந்தது. அவர்களில் 93 சதவீதம் பேருக்கு ஷோகிரென் என்று தெரிந்தது நரம்புக் கோளாறு தொடங்கிய பிறகுதான். அந்த 92 பேரில் அதிகம் பேருக்கு இருந்ததும் அக்காவுக்கு இருந்ததுபோல இருப்பிட உணர்வு போய்த் தள்ளாடும் இதே வகைதான். முகம் மரப்பது, பாதம் எரிவது, ஒரு நரம்பு அப்புறம் இன்னொரு நரம்பு என்று கெடுவது என வேறு வடிவங்களும் உண்டு.

நம் நாட்டில் இன்னொரு வேஷத்திலும் இந்த நோய் வரும். ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் கைகால் அசைக்க முடியாமல் எழுவார். ரத்தத்தில் பொட்டாசியம் அடியில் போயிருக்கும். பொட்டாசியம் ஏற்றினால் அன்றே எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். காரணம் சிறுநீரகக் குழாய்களில் புகுந்த ஷோகிரென் அழற்சி. அமிலத்தை வெளியேற்ற முடியாமல் குழாய்கள் பொட்டாசியத்தைக் கசியவிடுகின்றன. பொட்டாசியத்தைச் சரிசெய்துவிட்டு ஏன் குறைந்தது என்று தேடாமல் விட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் வருவார். அக்காவுக்குப் பொட்டாசியமும் பைகார்பனேட்டும் சரியாக இருந்தன. ஒவ்வொரு வருகையிலும் பார்க்கிறோம்.

மருத்துவமும் போக்கும்

நரம்பின் தண்டு கெட்டால் மெதுவாகவாவது திரும்ப வளரும். தாய் அணு செத்தால் வளர ஆளில்லை. அதனால் அழற்சி இருக்கும்போதே அணைக்க வேண்டும், அதுவும் முதல் சில மாதங்களில். எட்டு மாதம் போயிருந்தது. இதை அக்காவிடமும் கணவரிடமும் மறைக்காமல் சொன்னேன். இழந்தது எல்லாம் திரும்ப வராது, இதற்கு மேல் போகாமல் நிறுத்தப் பார்க்கிறோம் என்று. "நீங்க முதல்லயே பாத்திருந்தா?" என்று மகள் கேட்டாள். கொஞ்சம் அதிகம் காப்பாற்றியிருக்கலாம் என்றேன். அதற்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

ஸ்டீராய்டு தொடங்குமுன் காசநோய், மஞ்சள் காமாலை பி ஆகியவற்றைப் பார்த்தோம். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தும் கொடுத்தோம். ரப்பர் தோட்டத்து ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு ஒளிந்திருக்கலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெங்கும் பரவி ஆளையே கொன்றுவிடும். இந்த மாவட்டத்தில் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

ஐந்து நாள் மீதைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ரத்தக்குழாய் வழியாக, நாளைக்கு 1 கிராம். பிறகு மாத்திரையாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். அதன்மேல் எதிர்ப்புப் புரத ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் ஐந்து நாளாகப் பிரித்து. விலை அதிகம். மகளுக்கென்று வைத்திருந்த நகை அடகுக்குப் போனது. தொடர்ந்து எதிர்ப்பணுக்களை அடக்கும் மைக்கோஃபெனோலேட் மாத்திரை. மூட்டுக்கும் அலுப்புக்கும் எழுதும் ஹைட்ராக்சிகுளோரோகுயினை நம்பி நரம்பை விட்டுவிடக் கூடாது. முடிச்சுக்கு அது உதவாது.

வாய்க்கு உமிழ்நீரைத் தூண்டும் பைலோகார்பின், கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர், பல்லுக்கு ஃபுளோரைடு பூச்சு. மிட்டாயை நிறுத்தினோம். வாய் வறட்சிக்கு அவர் நாள் முழுக்க இஞ்சி மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார், மிச்சப் பற்களை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

பிசியோதெரபிதான் நடையைத் திருப்பித் தந்தது. உணர்வு விட்ட இடத்தில் கண்ணை வேலை வாங்குவதுதான் அந்தப் பயிற்சியின் சாரம். தரையைப் பார்த்து நடக்க, கையைப் பார்த்துப் பிடிக்க, திரும்பும்போது ஒரு நொடி நிற்கப் பழகினார். வீட்டிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். மின்சாரம் போனால் எழுந்திருக்கக் கூடாது, மகனைக் கூப்பிட வேண்டும். குளிப்பது ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்துக்குச் சோப்புப் போடும்போது ஒரு கை சுவரில். சோற்றுப் பானையை வெறுங்கையால் தொடக் கூடாது. இந்தக் கட்டளையை அவர் ஒரு தடவை மறந்தார். வலது சுட்டுவிரலில் கொப்புளம் எழும்பிய பிறகுதான் சுட்டது தெரிந்திருக்கிறது.

மூன்று மாதத்தில் பரவுவது நின்றது. ஆறு மாதத்தில் கன்னத்து மரப்பு முக்கால்வாசி போனது. இடது பாதம் கொஞ்சம் தேறியது. வலது கை விரல்கள் அப்படியே இருக்கின்றன. குளோபுலின் 4.1க்கு இறங்கியது. மாமியார் தட்டைத் திரும்ப எல்லோருடைய தட்டோடும் வைத்துவிட்டார் என்று மகள் தகவல் சொன்னாள்.

தொலி உரிக்க இனி முடியாது. மேற்பார்வையாளர் அவரைத் தரம் பிரிக்கும் பகுதிக்கு மாற்றிக் கொடுத்தார். அங்கே பருப்பின் பருமனையும் நிறத்தையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டும். கூலி பழைய அளவுக்கு இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். பொட்டாசியம், சிறுநீர், சி4 என்ற ரத்தப் புரதத்தின் அளவு பார்க்கிறேன். கன்னத்தடியில் சுரப்பி வீங்கி, வற்றாமல் நிற்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கிறேன். இந்த நோயில் நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மகளுக்கும் ஒரு விஷயம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. பின்னால் கண் உறுத்தலோ வாய் வறட்சியோ வந்தால் கர்ப்பத்துக்கு முன்பே ஆர்ஓ எதிர்ப்பொருளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது தாயிடமிருந்து கருவுக்குப் போனால், நூறில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பின் மின்பாதை அடைபட்டுப் போகலாம்.

போன மாதம் வந்தபோது கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னேன். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கையை நீட்டி வைத்துக்கொண்டு எண்ணினோம். ஒன்பது விநாடி நின்றார். சாய்வதற்குள் கண்ணைத் திறந்துவிட்டு, "எத்தனை சாரே?" என்று கேட்டார்.